அடுப்புக்கு ஒரு நாள் பேர், புகைபோக்கிக்கு ஒரு மாதச் சம்பளம்



கடந்த பாடசாலை விடுமுறையில் நாம் சிலர் கொக்கிளாய்க்குப் போய் வந்தோம். சங்க வேலையாக அல்ல, ஒரு சாமத்திய வீட்டுக்கு. எமது கிளைத் தலைவி ஒருவருடைய சித்தி குடும்பம் 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வன்னிக்கு இறங்கியது. அங்கேயே பிறந்து வளர்ந்த சித்தி மகள் கொக்கிளாயில் ஒரு கடற்றொழிலாளிக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறார். வவுனியா வரை ஒரு பஸ், முல்லைத்தீவு வரை இன்னொன்று, அதற்குப் பிறகு அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி என்று கடலோரமாகவே ஒரு பாதை. இடுப்பு ஒடிந்துதான் போய்ச் சேர்ந்தோம்.

பெரிய சமையல் வெளியே பந்தலுக்குப் பக்கத்தில் கல்லடுப்பில் நடந்தது. குசினிக்குள் தேத்தண்ணியும் பலகாரமும். எமது தலைவி கொழுந்து எடுக்கத் தொடங்கி இருபது வருடம் ஆனவர். ஓரிடத்தில் சும்மா இருக்கத் தெரியாதவர். வந்த களைப்போடு குசினிக்குள் நுழைந்து அகப்பையை வாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் எங்களிடம் சொன்ன முதல் வார்த்தை பலகாரத்தைப் பற்றியதல்ல.

"கண்ணு எரியல சேர்," என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தோம். மண்ணில் செய்து சுட்ட இரட்டை வாய் அடுப்பு. முன்வாயில் சோறு வெந்தால் அந்தத் தீயின் மிச்சச் சூட்டில் பின்வாயில் கறி கொதிக்கும். நாடு முழுவதும் 'அனகி' என்று விற்கிறார்களே, அதேதான். புற்றுமண்ணையும் உமியையும் சாணத்தையும் குழைத்து அதைச் சுற்றி அணைகட்டி, இடுப்பளவு உயரப் புகட்டில் ஏற்றியிருந்தார்கள். மேலே செங்கல்லில் ஒரு கூடு. கூட்டிலிருந்து ஒரு குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே தலை நீட்டியிருந்தது. அவ்வளவுதான். அதிசயம் எதுவுமில்லை. ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் வாழ்நாள் முழுவதும் கண்ணைக் கசக்கிக்கொண்டே சமைத்த ஒருவருக்கு அது அதிசயமாகத்தான் இருந்தது.

"இதுக்கு எவ்வளவு தங்கச்சி முடிஞ்சிச்சு?" என்று தலைவி கேட்டார்.

"அடுப்புக்கு என்னக்கா, சொட்டுக் காசு. மண் புத்தில வெட்டினது. உமி மில்லில சும்மா தந்தவை. இந்தக் கூடும் குழாயும்தான் எங்களைக் கடன்காறர் ஆக்கினது."

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கடன் எடுத்திருக்கிறார்கள். கல் கட்டியது புருஷனின் தம்பி, கூலி வாங்கவில்லை. அப்படியிருந்தும் கடனைக் கட்டி முடிக்கப் பத்து மாதம் ஆயிற்றாம்.

விறகடுப்பு ஒன்று வைக்க எவ்வளவு செலவாகும் என்ற இந்தக் கேள்வியைத் தலைவி திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். ஆகவே ஊருக்கு வந்ததும் நகரத்து ஹாட்வெயார் கடைகளிலும் இரண்டு மூன்று மேசன்மாரிடமும் விசாரித்து ஒரு கணக்குப் போட்டோம். ரூபாவில் போட்டால் அடுத்த மாதம் விலை மாறிவிடும். அதனால் 2024 செப்டெம்பரில் தீர்மானிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவை ஒரு நாள் பேராக வைத்துக் கணக்கிட்டோம்.

அடுப்பு ஒரு நாள் பேருக்குள் அடங்கிவிடும். கூடு கட்ட நூறு செங்கல் என்றால் ஏறக்குறைய மூன்று நாள் பேர். இரண்டு பை சீமெந்துக்கு இன்னும் மூன்று. மணலை லயம் வரை ஏற்றிக் கொண்டுவருவதற்கு ஒன்றாவது வேண்டும்; பாதை கெட்டிருந்தால் இரண்டு. குழாயும் அதன் தலையில் மழை இறங்காமல் கவிழ்க்கும் தொப்பியும் நான்கு நாள் பேர். துளைக்கும் இடத்தில் இருக்கிற பழைய தகரம் கையை வைத்தாலே உதிரும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை மாற்ற இரண்டு. மேசனுக்கு இரண்டு நாள் கூலி உங்களுடைய ஆறு நாள் சம்பளம். சாந்து குழைத்துக் கொடுக்கும் கையாள் நீங்களே. எல்லாவற்றையும் கூட்டினால் இருபது நாள் பேர். மாதத்தில் இருபது நாள் வேலை கிடைத்து, இருபது நாளும் கொழுந்தின் கிலோ குறையாமல், அரைப்பேர் விழாமல், கடையிலும் கோயிலிலும் சந்தாவிலும் ஒரு சதமும் கழியாமல் முழுச் சம்பளமும் கைக்கு வந்தால், அந்த மாதம் வீட்டில் யாரும் சாப்பிடாமல் இருந்தால், புகை வெளியே போகும்.

"அடுப்பு மலிவு, எல்லோரும் வாங்கலாம்" என்று பேசுகிறவர்கள் அந்த முதல் நாள் பேரோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். இந்தத் தலையங்கத்தில் நாம் சொல்ல வருவது மீதிப் பத்தொன்பது நாளைப் பற்றி.

எரிவாயு இருக்கும்போது விறகடுப்புப் பற்றி எழுதுவது எங்களைப் பின்னுக்கு இழுப்பது அல்லவா என்று இளைய தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நெஞ்சுக்கு எரிவாயுவே நல்லது. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்குப் போனதை மறக்க வேண்டாம். அப்போது எமது நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒன்றரை நாள் பேருக்கு வாங்கிய சிலிண்டருக்கு ஐந்து நாள் உழைக்க வேண்டியதாயிற்று. அந்த விலைக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. மே, ஜூன் மாதங்களில் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் விடிய விடிய நின்றவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அதே வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. கொக்கிளாயில் படகுகள் கரையில் கிடந்தன. கடலுக்குப் போகவே எண்ணெய் இல்லாதபோது குசினிக்கு எங்கே போவது? சித்தி மகள் வீட்டில் விறகடுப்பைத் திருத்திக் கட்டியது அந்த நாட்களுக்குப் பிறகுதான். எரிவாயு அடுப்பும் அந்த வீட்டில் இருக்கிறது. துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். அவசரத்துக்குத் தேத்தண்ணி வைக்க.

எம் வீடுகளிலும் கதை அதுதான். 2012 குடிசன மதிப்பீட்டின்போது இந்த நாட்டில் ஐந்தில் ஏறக்குறைய நான்கு குடும்பங்கள் விறகில்தான் சமைத்தன. நகரங்களில் எரிவாயு ஏறியது, தோட்டங்களில் விறகு தங்கியது. ஆகவே விறகடுப்பு இன்னும் பல வருடங்களுக்கு எம்மோடு இருக்கப் போகிறது என்பதை ஒப்புக்கொண்டே பேச வேண்டும்.

அனகி அடுப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். 1980களில் இலங்கை மின்சார சபையும் அப்போது இடைநிலைத் தொழில்நுட்பக் குழு என்று அழைக்கப்பட்ட, இன்று பிரக்டிகல் அக்சன் என்று பெயர் மாறிய நிறுவனமும் சேர்ந்து இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. காடு குறைகிறது, விறகைச் சேமிக்க வேண்டும் என்பதே நோக்கம். குயவர்களுக்கு அளவு கற்றுக்கொடுத்து அவர்களையே செய்யவும் விற்கவும் வைத்தார்கள். அதனால்தான் திட்டம் முடிந்த பிறகும் அடுப்பு முடியவில்லை; இன்றும் சந்தையில் வாங்கலாம். மூன்று கல் அடுப்போடு ஒப்பிட்டால் விறகில் மூன்றில் ஒரு பங்காவது மிச்சம். ஒரு குடும்பத்துக்கு மூன்று சுமைக்குப் பதில் இரண்டு சுமை. தலையில் சுமந்து மலை ஏறும் பெண்ணுக்கு அந்த ஒரு சுமை எவ்வளவு பெரியது என்று நாம் விளக்கத் தேவையில்லை. 'அனகி' என்றால் சிங்களத்தில் விலைமதிப்பற்றது என்று பொருள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த அடுப்பில் புகைபோக்கி கிடையாது. விறகு குறைவதால் புகையும் ஓரளவு குறையும். குறைந்த புகையும் அதே அறைக்குள்தான் சுற்றும். விறகைச் சேமிக்கச் செய்த அடுப்பு விறகைச் சேமிக்கிறது. நெஞ்சைக் காப்பாற்ற வேண்டுமானால் மேலே கூடும் குழாயும் வேண்டும், அல்லது புகை போக வழியுள்ள குசினி வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லி விற்பதில்லை.

ஆசிரியர் என்ற முறையில் நாம் காலையில் முதலில் காண்பது இந்தப் புகையைத்தான். பிள்ளைகள் கொப்பியைத் திறக்கும்போது வரும் வாசம் அது. மழைக்காலத்தில் ஈர விறகு. அந்த மாதங்களில் முன்வரிசையில் இருமல் ஓயாது. சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்று வீட்டைப் படமாக வரையச் சொன்னபோது கூரைக்குக் கீழே முழுவதையும் கறுப்புப் பென்சிலால் அடித்துவிட்டது. ஏன் என்று கேட்டோம். "உள்ளுக்கு அப்பிடித்தான் சேர்" என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் 237,000க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்கும் குறைந்த குழந்தைகள். நெஞ்சுச்சளியாகவும், இளைப்பாகவும், மாரடைப்பாகவும், பாரிசவாதமாகவும் அது வருகிறது. மரணச் சான்றிதழில் அடுப்பு என்று யாரும் எழுதுவதில்லை. எமது தாய்மாரில் பலர் வாழ்நாளில் ஒரு சுருட்டைத் தொட்டதில்லை. ஆனாலும் அவர்களுக்குப் புகைப்பவர்களின் நெஞ்சு.

சரி, அரசாங்கமோ ஒரு தொண்டு நிறுவனமோ புகைபோக்கியையும் சேர்த்து இலவசமாகக் கொடுத்தால் பிரச்சினை தீருமா? இந்தியாவில் கொடுத்துப் பார்த்தார்கள். 1983இல் தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் தேசியத் திட்டத்தில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் மானியத்தில் பரப்பப்பட்டன. 2002இல் மத்திய அரசு அந்தத் திட்டத்தையே நிறுத்திக்கொண்டது. பிற்பாடு ஒடிசா மாநிலத்துக் கிராமங்களில் புகைபோக்கி வைத்த மண்ணடுப்புகளை ஒரு தொண்டு நிறுவனம் மிகக் குறைந்த விலைக்குக் கட்டிக்கொடுத்தது. 2019இல் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோவும் அவருடைய சகாக்களும் அந்த வீடுகளைச் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வருடம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்தக் குறைவும் மறைந்தது. அடுப்பு வெடித்தது, குழாயில் கரி அடைத்தது, திருத்த ஆளில்லை, பாவிப்பதும் குறைந்தது.

இதைக் காட்டி "சனத்துக்கு அருமை தெரியவில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. எமக்கு அப்படித் தோன்றவில்லை. அடுப்பைக் கொடுத்தவர்கள், அதைத் திருத்தும் செலவையும் கரி தட்டும் வேலையையும் யார் தலையில் போடுகிறோம் என்று கேட்கவில்லை. அது ஏற்கெனவே வேலை நிறைந்த ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. இந்தியாவில் 2016இல் வந்த உஜ்வாலா எரிவாயுத் திட்டத்திலும் இணைப்பு ஏழைப் பெண்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. மறுபடி நிரப்பும் காசை அவர்களே தேட வேண்டியிருந்தது.

இப்போது எம் லயத்துக்கு வருவோம். கொக்கிளாயிலிருந்து திரும்பிய கையோடு எமது தலைவி சீட்டுக் காசில் ஒரு அடுப்பு வாங்கினார். கூடு கட்ட மேசனையும் கூட்டிவந்தார். மேசன் காம்பராவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அது முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பத்தின் கட்டில். பக்கச் சுவர்கள் இரண்டும் அயல்வீடு. ஆகவே குழாய் போகக் கூரை ஒன்றே வழி. கூரையைத் துளைக்கலாமா என்று கேட்டபோது, எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள்.

"செவுத்துக்கு சுண்ணாம்பு அடிக்கிறது நாங்க, தகரம் ஒழுகுனா சட்டி வைக்கிறது நாங்க. ஒரு ஓட்ட போடணும்னா மட்டும் தொரைகிட்ட எழுதிக் கேக்கணுமாம்," என்றார் அவர்.

அங்கேதான் இருபது நாள் பேரை விடப் பெரிய செலவு ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது. மூன்று தலைமுறையாக அதே மூலையில் அடுப்பு மூட்டும் குடும்பத்துக்கு அந்த மூலையில் ஒரு செங்கல்லை அசைக்கும் உரிமை இல்லை. கடன் வாங்கி இருபது நாள் சம்பளத்தைக் கூரையில் போட்ட பிறகு "கழற்று" என்று சொன்னால் என்ன செய்வது? தோழர்கள் பலர் வசதி இருந்தும் கூடு கட்டாததற்கு இதுவே காரணம் என்று நம்புகிறோம். தனக்குச் சொந்தமில்லாத சுவரில் யார் காசைக் கொட்டுவார்?

கொக்கிளாய் வீட்டில் இது தலைகீழ். மேலே சொன்ன கணக்கில் எங்களுக்குப் பத்தொன்பது நாள் வேலை வைக்கும் கூடும் குழாயும் அங்கே ஒரு சனி ஞாயிற்றில் ஏறிவிட்டன. யாரிடமும் கேட்கவில்லை. 1984 டிசம்பரில் ஊரோடு விரட்டப்பட்ட சனம் அது. போர் முடிந்த பிறகுதான் திரும்பி வந்து, வீட்டுத் திட்டத்தில் கல்வீடு கட்டிக்கொண்டது. வன்னியெங்கும் இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடொன்றுக்குக் கொடுத்தது 550,000 ரூபா. அந்தக் காசுக்குள் புகைபோக்கி வராது என்பதால் பலர் உள்ளே உள்ள குசினியில் சாமான் அடுக்கிவிட்டு வெளியே ஓலைக் கொட்டிலில் சமைக்கிறார்கள். இந்த அக்கா வீட்டுக்குள்ளேயே கட்டினார். சுவர் அவருடையது.

ஆனால் விறகு?

"சுவர் எங்கட சுவர் தம்பி, எங்க வேணுமெண்டாலும் ஓட்டை போடலாம். விறகுக்குத்தான் பயந்து பயந்து போக வேண்டிக்கிடக்கு."

ஊர் இல்லாமல் கிடந்த கால் நூற்றாண்டில் அவர்களுடைய வயலும் காணியும் பற்றையாகிக் காடாயின. திரும்பி வந்தபோது பல இடங்களில் எல்லைக்கல் நட்டிருந்தது. ஒரு பக்கம் 1951இலேயே சரணாலயமாக்கப்பட்ட களப்பு. மற்றப் பக்கம் அரசாங்கக் காடு. தகப்பன் காலத்தில் விறகு பொறுக்கிய இடத்தில் மகள் இன்று கத்தியோடு நின்றால் குற்றம். யானைப் பயம் வேறு. ஆகவே பொச்சுமட்டை, கங்குமட்டை, பன்னாடை, ஊமல் என்று வளவுக்குள் கிடைப்பதை எரிக்கிறார்கள். நல்ல அடுப்பு அவருக்கு ஏன் அவசியமாயிற்று என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. எங்கள் தலைவி புகையைப் பார்த்தார். அவர் தங்கச்சி விறகுக் கட்டைப் பார்த்தார்.

எங்களுக்கு விறகு இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு பொறுக்கலாம். அந்த மலையில் அடுத்த கவ்வாத்து மூன்று நான்கு வருடம் கழித்து. இடையில் சவுக்கு மரத்தில் காய்ந்த கிளை விழ வேண்டும். மரத்தை வெட்டினால் அது தொழிற்சாலைக்கும் லொறிக்கும் போகும். எந்த லயத்துக்கு எந்த மலையின் மிலாறு என்று ஒழுங்கு இல்லாத தோட்டங்களில் அதற்கும் சண்டை. பிரட்டுக்கு முன்னும் வேலை விட்ட பின்னும் பெண்கள் விறகுக்கு நடக்கும் நேரத்துக்குப் பேர் விழுவதில்லை.

இந்த இடத்தில் எம்மையும் சொல்ல வேண்டும். எமது சங்கத்தின் பழைய கோரிக்கைக் கடிதங்களை எடுத்துப் புரட்டினோம். சம்பளம், கிலோ, கம்பளி, கத்தி, மருந்து, பாதை, கோயில் எல்லாம் இருக்கின்றன. வீடு இருக்கிறது. அடுப்பு என்ற சொல் ஒரு கடிதத்திலும் இல்லை. கடிதம் எழுதியவர்கள் அடுப்பு மூட்டுகிறவர்கள் அல்ல என்பதைத் தவிர வேறு விளக்கம் எங்களிடம் இல்லை.

ஆகவே இனி எழுதப் போகிறோம். அடுப்பைத் தானமாகக் கேட்கவில்லை. அந்த ஒரு நாள் பேரை எம்மால் போட முடியும். லயத்தைப் பராமரிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்றால் புகை போகும் வழியும் அந்தப் பராமரிப்புக்குள் அடங்கும். கூட்டுக்கும் குழாய்க்கும் கூரைத் தகரத்துக்கும் ஆகும் செலவு அவர்களுடையது. அதுவரை, சொந்தக் காசில் கட்டிக்கொள்ள முன்வரும் குடும்பத்துக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். கட்டியதைக் கழற்றச் சொல்வதில்லை என்ற உறுதியும் அதே தாளில் வேண்டும். கவ்வாத்து முடிந்ததும் மிலாறை லயவாரியாகப் பங்கிட்டு, அதை இறக்க ஒரு நாள் லொறி விட வேண்டும். புதிதாகக் கட்டும் 550 சதுர அடி வீடுகளின் வரைபடத்தில், இந்தக் குசினியில் விறகு எரியும் என்று நினைத்துப் புகைபோக்கியை முதலிலேயே போட வேண்டும். நாம் பார்த்த புதிய வீடுகள் சிலவற்றில் குடிபுகுந்த மூன்றாம் மாதமே பின்னால் தகரக் கொட்டில் அடித்தாயிற்று. வெள்ளைச் சுவர் கறுத்துவிடும் என்று. கரி தட்டுவதற்கு லயத்துக்கு ஒருவரை வைத்து மாதத்தில் ஒரு நாள் பேர் போட வேண்டும் என்ற யோசனையைச் சில தோழர்கள் கேட்டுச் சிரித்தார்கள். ஒடிசாவில் அடைத்துப் போனது அந்தக் குழாய்தான் என்று அவர்களுக்குச் சொன்னோம்.

இதெல்லாம் நடக்கும்வரை அடுப்பு எரியாமல் இருக்கப் போவதில்லை. அதனால் சில காரியங்களை இன்றே செய்யலாம். விறகை மணிக்கட்டு மொத்தத்துக்கு மேல் போகாமல் பிளந்து, இரண்டு மாதமாவது மழை படாமல் காய வையுங்கள். ஈர விறகில்தான் புகை அதிகம். பயறு, கடலையை இரவே ஊறப் போடுங்கள். சட்டியை மூடிச் சமையுங்கள். தீ மூட்ட ஷொப்பிங் பையையும் உரப் பையையும் எரிக்க வேண்டாம். குழாய் போடுகிறவர்கள் அதன் தலையைக் கூரை முகட்டுக்கு மேல் இரண்டு அடியாவது உயர்த்துங்கள், இல்லாவிட்டால் காற்று புகையை உள்ளேயே திருப்பிவிடும். குழாய் தகரத்தைத் தாண்டும் இடத்தில் மரச்சட்டமோ கறுப்புத் தாரோ தொடாதபடி இடைவெளி விடுங்கள். லயத்தில் ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ வரிசை முழுவதையும் கொண்டுபோகும். அந்தக் காட்சியை நாம் கண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் குறிப்பாகச் சொல்லவேண்டும். குளிர்மாதங்களில் தணலைச் சட்டியில் அள்ளி, கதவைப் பூட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே வைக்கும் பழக்கம் எம்மிடம் இருக்கிறது. தணலில் புகை தெரியாது. ஆனால் மணமும் நிறமும் இல்லாத காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வரும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

இந்த இதழோடு ஒரு தாள் இணைத்திருக்கிறோம். உங்கள் காம்பராவில் அடுப்பு எங்கே இருக்கிறது, இஸ்தோப்பிலா உள்ளேயா, ஒற்றை லயமா இரட்டை லயமா, புகை எந்த வழியாகப் போகிறது, விறகு எங்கிருந்து வருகிறது, வாரத்தில் எத்தனை மணி நேரம் அதற்காக நடக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறோம். வீட்டில் சமைப்பவர் யாரோ அவர் வாயால் சொல்லி நிரப்ப வேண்டும். தாய்மாருக்கு எழுதச் சிரமமாக இருந்தால் பாடசாலைப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். மாத முடிவுக்குள் தோட்டக் கமிட்டியிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் எமது தலைவி இந்தத் தாள்களோடு உட்காருவார் என்று மாவட்டக் குழு தீர்மானித்திருக்கிறது.

அவர் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு இதை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை. வாங்கிய அடுப்பு காம்பரா வாசலில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. கூடு இல்லாமல் உள்ளே வைக்கமாட்டேன் என்கிறார்.